மேலவையில் ஒரு நாற்காலி

மேல் என்றும் கீழ் என்றும் எவரேனும் சொன்னால் நமக்குச் சுருக்கென்று தைக்கும். மேல்சாதி, கீழ்சாதி என்று பேசிப் பேசியே ஒரு நாட்டின் காலை ஒடித்தவர்களை எதிர்த்து வளர்ந்த கூட்டமல்லவா நாம்! ஆகவே, நாடாளுமன்றத்தில் ‘மேலவை’ என்று ஒன்று இருப்பதைக் கேள்விப்பட்டதும், “அதென்ன மேல்? அங்கே அமர்ந்திருப்பவர்கள் யாருக்கு மேல்? வாக்களித்த மக்களுக்கு மேலா?” என்று கேட்கும் இளைஞரை நாம் கடிந்துகொள்வதில்லை. கேட்கவேண்டிய கேள்விதான் அது. செல்வச் சீமான்களும், தேர்தலில் தோற்றவர்களும், கட்சித் தலைமைக்கு வேண்டியவர்களும் கொல்லைப்புற வாயில் வழியாக வந்து அமரும் இடம் என்று அந்த அவைக்கு ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயர் முழுப் பொய்யன்று.

அண்மையில் ஒரு மன்றத்தில் பேசப் போயிருந்தபோது, கல்லூரியில் படிக்கும் தம்பி ஒருவர் எழுந்து நம்மை மடக்கினார். “ஐயா, மக்கள் நேரே தேர்ந்தெடுக்காத அவை அது. அந்த அவையிலும் பெரும்பான்மை பெறாத கட்சி. அந்தக் கட்சிக்கு ஒரு தலைவர். அந்தத் தலைவருக்கு அமைச்சருக்கு நிகரான மதிப்பு, ஊதியம், வீடு. இது பகுத்தறிவுக்குப் பொருந்துகிறதா?” என்றார். கூட்டம் கைதட்டியது. நாமும் தட்டினோம். ஆனால் கைதட்டல் விடையாகாது. பேருந்துக்கு நேரமாகிவிட்டபடியால் அங்கே சொல்லாமல் வந்த விடையை இங்கே எழுதுகிறோம்.

1962-இல் நாம் அரைக்கால் சட்டை அணிந்த பள்ளிச் சிறுவர். தெருமுனையில் ஒரு படிப்பகம். ஓலைக் கூரை, இரண்டு பெஞ்சு, ஓர் அரிக்கேன் விளக்கு. மாலையில் ஒருவர் இதழை உரக்கப் படிப்பார். எழுத்தறியாத பெரியவர்கள் சுற்றி அமர்ந்து கேட்பார்கள். அந்த ஆண்டுத் தேர்தலில் காஞ்சிபுரத்தில் அண்ணா தோற்றிருந்தார். ஆனால் அவருடைய கட்சி சட்டமன்றத்தில் 50 இடங்களைப் பெற்றிருந்தது. அந்த ஐம்பதின்மரின் வலிமையால் ஏப்ரலில் அவர் மாநிலங்களவைக்குச் சென்றார். மே முதல் நாள் அவர் அங்கே ஆற்றிய கன்னிப்பேச்சு தமிழாகி எங்கள் படிப்பகத்திற்கு வந்து சேர்ந்தபோது, அதைப் படித்தவரின் குரல் இரண்டு இடங்களில் தழுதழுத்ததை நாம் கண்டோம். பெருநாட்டின் தலைநகரில், நம்மை இன்னதென்றே அறியாதவர்கள் நிறைந்த மண்டபத்தில், நாம் யார், நமக்கு என்ன வேண்டும் என்று ஒருவர் எழுந்து சொல்கிறார், அவர்கள் கேட்கிறார்கள், சினக்கிறார்கள், ஆனால் கேட்கிறார்கள்! மறு ஆண்டு ஜனவரியில் பிரிவினைத் தடைத் திருத்தம் வந்தபோதும், மே மாதத்தில் ஆட்சிமொழி மசோதா வந்தபோதும் அதே அவையில் அந்தக் குரல் எழுந்தது. வாக்கெடுப்பில் அது வெல்லவில்லை. வெல்லும் எண்ணிக்கையும் அதற்கு இல்லை.

தோற்றவர் கொல்லைப்புறமாகப் போனார் என்று இதைச் சொல்லலாம். அப்படிச் சொல்பவர் அம்பேத்கரையும் சேர்த்தே சொல்லவேண்டும். அரசியல் சட்டத்தின் வரைவுக் குழுவுக்குத் தலைமை வகித்த அந்த மனிதர், 1952 பொதுத்தேர்தலில் பம்பாயில் தோற்கடிக்கப்பட்டார்; 1954-இல் பண்டாரா இடைத்தேர்தலிலும் தோற்கடிக்கப்பட்டார். 1952 முதல் 1956 டிசம்பர் 6-இல் கண்மூடும் வரை அவருக்கு இடம் தந்தது மாநிலங்களவைதான். 1953 செப்டம்பரில் ஆந்திர மாநில மசோதா விவாதத்தில், சிறுபான்மையோரைக் காக்க வழியில்லையென்றால் அந்த அரசியல் சட்டத்தைக் கொளுத்துவதில் முதல் ஆளாகத் தாமே நிற்பேன் என்று அவர் முழங்கியதும் அந்த அவையில்தான். பொதுவுடைமைக் கட்சியின் பூபேஷ் குப்தா 1952-இல் உள்ளே சென்றவர். 1981-இல் மறையும் வரை, ஏறத்தாழ 29 ஆண்டுகள், ஆளுங்கட்சியை அமைதியாக உட்காரவிடாமல் கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தார்.

இவர்கள் ஒருவருக்கும் ‘எதிர்க்கட்சித் தலைவர்’ என்ற பட்டம் இல்லை. 1952-இல் அவை பிறந்தது முதல் 17 ஆண்டுகள் அப்படியொருவர் அங்கே ஏற்கப்படவே இல்லை. ஏற்கப்படும் அளவுக்கு எந்தக் கட்சிக்கும் எண்ணிக்கை இல்லை. நாற்காலி பின்னால்தான் வந்தது. குரல் அதற்கு முன்பே வந்துவிட்டது.

நாற்காலி வந்த கதை சுவையானது. எதிர்க்கட்சி எதுவும் வளர்ந்து அதைப் பிடிக்கவில்லை. ஆளுங்கட்சி உடைந்து அதை நிரப்பியது! 1969 நவம்பரில் காங்கிரசு இரண்டாகப் பிளந்தது. பழைய காங்கிரசு எனப்பட்ட பிரிவைச் சேர்ந்த பீகாரின் சியாம் நந்தன் மிசுரா அந்த டிசம்பரில் மாநிலங்களவையின் முதல் எதிர்க்கட்சித் தலைவரானார். நேற்றுவரை அந்தப் பக்கம் இருந்தவர். இன்று இந்தப் பக்கம்.

அந்த நாற்காலிக்கு முதல் பெரிய சோதனை மறு ஆண்டே வந்தது. மன்னர் மானிய ஒழிப்பு!

இன்றைய இளைஞருக்கு அது என்னவென்று சொல்லவேண்டும். ஆண்ட பரம்பரை என்று சொல்லிக்கொண்டவர்களுக்கு, ஆட்சியை விட்டுக்கொடுத்ததற்கு ஈடாக, ஆண்டுதோறும் அரசுக் கருவூலத்திலிருந்து மானியம் கொடுக்கப்பட்டு வந்தது. மைசூர் மன்னருக்கு ஆண்டுக்கு 26 லட்சம் ரூபாய். கட்டோடியா என்ற குட்டி ஆட்சியின் தலைவருக்கு ஆண்டுக்கு 192 ரூபாய். தொகை பெரிதோ சிறிதோ, பிறப்புக்குக் கொடுக்கும் கூலி அது. அதை ஒழிக்கும் அரசியல் சட்டத் திருத்தம் மக்களவையில் நிறைவேறி, 1970 செப்டம்பர் 5-இல் மேலவையில் வாக்கெடுப்புக்கு வந்தது. ஆதரவு 149, எதிர்ப்பு 75. வாக்களித்தோர் 224. மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். கணக்குப் போட்டால் 149-உம் மூன்றில் ஒன்றும் வருகிறது. அந்த மூன்றில் ஒரு பங்கு வாக்கு இல்லாமல் மசோதா வீழ்ந்தது! ஒரு மனிதரை மூன்றாக வகுந்து வாக்களிக்கச் செய்ய முடியாதே!

நாம் அப்போது கல்லூரி மாணவர். செய்தியைத் தேநீர்க் கடையில் படித்துவிட்டு, “இந்த மேலவையை இழுத்து மூடு” என்று முழங்கியவர்களில் நாமும் ஒருவர். எதிர்த்தவர்கள் வரிசையில் முன்னால் நின்றவை சுதந்திராக் கட்சியும் சனசங்கமும் எதிர்க்கட்சித் தலைவரின் பழைய காங்கிரசுமே. கொடுத்த வாக்கை மீறக்கூடாது, அரசியல் சட்டத்தின் உறுதிமொழியை எண்ணிக்கை பலத்தால் அழிக்கக்கூடாது என்பது அவர்கள் வாதம். வாதம் அழகாகத்தான் இருந்தது. வாக்குக் கொடுத்தவர் யார், கொடுக்கப்பட்டது யாருடைய பணம் என்று கேட்டால்தான் அந்த அழகு கலைந்தது. குடியரசுத் தலைவர் ஆணையால் மன்னர்களின் தகுதியை அரசு நீக்கிப் பார்த்தது. அந்த டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாதென்றது. 1971 தேர்தலுக்குப் பின், அந்த ஆண்டின் டிசம்பர் இறுதியில்தான், 26-ஆம் திருத்தத்தால் மானியம் ஒழிந்தது.

ஆக, மேலவை எதிர்க்கட்சித் தலைவர் என்ற பதவி அரங்கேறியவுடன் காத்தது அரண்மனைகளின் படியளப்பை! அன்று நமக்கு வந்த சினம் இன்றும் ஆறவில்லை. ஆறவேண்டிய காரணமும் இல்லை. எவரேனும் நம்மிடம் வந்து, ‘எதிர்க்கட்சித் தலைவர் பதவி புனிதமானது, சனநாயகத்தின் கருவறை’ என்று பூசை மொழியில் பேசினால், 149-க்கு 75 என்ற கணக்கை எடுத்துக் காட்டுவது நம் வழக்கம். கருவறைகளிடம் நமக்கு வேலையில்லை.

ஆனால் அதே நாற்காலி வெறுமையாகக் கிடந்த காலத்தையும் நாம் பார்த்தோம். 1972 ஏப்ரலிலிருந்து 1977 மார்ச் வரை மாநிலங்களவையில் எதிர்க்கட்சித் தலைவர் இல்லை. அந்த இடைவெளியில்தான் நெருக்கடி நிலை வந்தது. தலைமையமைச்சரின் தேர்தலை நீதிமன்றம் தொடக்கூடாது என்று கூறும் 39-ஆம் திருத்தம், 1975 ஆகஸ்டு 7-இல் மக்களவையில், 8-இல் மாநிலங்களவையில் என்று அடுத்தடுத்த நாட்களில் நிறைவேறியது. எதிர்வரிசைக்காரர் பலர் சிறையில். நாற்காலியில் ஆள் இருந்திருந்தால் தடுத்திருப்பாரா? எண்ணிக்கை இல்லாதவர் தடுத்திருக்க முடியாது. ஆயினும் அப்படிப்பட்ட ஒரு நாளில் ‘இது தவறு’ என்று எழுந்து சொல்ல உரிமை பெற்ற ஒருவர் அவையில் இல்லாமற் போவது எப்படியிருக்கும் என்பதை, செய்தித்தாளில் வெள்ளையாக விடப்பட்ட பத்திகளைப் பார்த்து வளர்ந்த எங்கள் தலைமுறை அறியும்.

அந்த அறிவிலிருந்து பிறந்ததுதான் 1977-ஆம் ஆண்டுச் சட்டம். இரு அவைகளிலும், எதிர்க்கட்சிகளுள் உறுப்பினர் எண்ணிக்கையில் பெரிய கட்சியின் தலைவராக இருந்து, அவைத் தலைவரால் ஏற்கப்பட்டவர் எவரோ அவரே எதிர்க்கட்சித் தலைவர் என்றது அது. ஊதியமும் வசதியும் தந்தது. தம்பி கேட்ட கேள்வியின் ஒரு பாதிக்கு இங்கேயே விடை சொல்லிவிடலாம். ஊதியமில்லாத பொறுப்பு செல்வந்தரின் பொறுப்பு. மில் முதலாளியும் நிலக்கிழாரும் கைக்காசில் அரசியல் நடத்துவார்கள். குடிசையிலிருந்து வந்தவர் எதைக் கொண்டு நடத்துவார்? 1978-இல் சிறிது காலம் அந்த நாற்காலியில் அமர்ந்த போலா பாஸ்வான் சாஸ்திரி, பீகாரில் மும்முறை முதலமைச்சராக இருந்த தாழ்த்தப்பட்ட வகுப்புத் தலைவர். அத்தகையவர் அங்கே வந்து அமர்ந்து அலுவலகமும் உதவியாளரும் பெற்று ஆளுங்கட்சியின் கோப்புகளை ஆராயவேண்டுமானால், அதற்கான செலவை மக்கள் ஏற்பதே முறை.

அதே 1978-ஐ நாம் மறக்க முடியாதபடி செய்த இன்னொரு நிகழ்ச்சி உண்டு. தமிழ்நாட்டு இளைஞர் பலர் இதை அறியமாட்டார் என்பதால் சற்று விரித்தே எழுதுகிறோம். நெருக்கடி நிலைக்காலத்தின் 42-ஆம் திருத்தம், மாநிலப் பட்டியலில் இருந்த கல்வியைப் பொதுப்பட்டியலுக்குத் தூக்கிக்கொண்டு போயிற்று. சனதா ஆட்சி வந்ததும், பழுதுகளைச் சரிசெய்ய 45-ஆம் திருத்த மசோதாவைக் கொண்டுவந்தது. அது நிறைவேறியபோது 44-ஆம் திருத்தம் என்ற எண்ணைப் பெற்றது. அந்த மசோதாவில் கல்வியை மாநிலங்களுக்கே திருப்பித் தரும் பிரிவும் இருந்தது. 1978 ஆகஸ்டில் மக்களவை அதை ஏற்றது. மாநிலங்களவைக்குப் போயிற்று. அங்கே சனதாவுக்குப் பெரும்பான்மை இல்லை, எதிரில் காங்கிரசு. எதிர்க்கட்சித் தலைவர் கமலாபதி திரிபாதி. உள்நாட்டுக் குழப்பம் என்று சொல்லி நெருக்கடி நிலை அறிவிக்க முடியாதபடி தடுத்த பிரிவை அவை ஏற்றது. உயிருக்கும் உரிமைக்குமான 21-ஆம் பிரிவை எந்த நிலையிலும் நிறுத்திவைக்க முடியாதென்ற காப்பையும் ஏற்றது. நல்லது. ஆனால் கல்வியைத் திருப்பித் தரும் பிரிவு உட்பட ஐந்து பிரிவுகளை நிராகரித்தது! அவையின் பெயரோ மாநிலங்களவை. மாநிலங்களின் உரிமையைக் காக்கவென்றே அமைந்ததாகச் சொல்லப்படும் அவை. மாநிலங்களுக்கு உரிய கல்வியை மாநிலங்களுக்குத் தரமாட்டேன் என்று அங்கே எதிர்க்கட்சி கைதூக்கியது. அரசு அடங்கிப் போயிற்று. மருத்துவப் படிப்புக்கு நுழைவுத் தேர்வு என்று நம் பிள்ளைகள் இன்று படும் பாட்டின் வேர்களுள் ஒன்று அந்த ஆகஸ்டு மாதத்தில் இருக்கிறது.

இப்படிப் பார்த்தால் அந்தத் தம்பியின் பக்கமே நாமும் போய்விடலாம் போலிருக்கும். மன்னருக்கு மானியம் காத்த கை, மாநிலத்துக்குக் கல்வி மறுத்த கை! ஆனால் கை எதைச் செய்தது என்று சொன்னால் மட்டும் போதாது. கைக்கு அத்தனை வலு எங்கிருந்து வந்தது என்றும் பார்க்கவேண்டும்.

அவையின் இடங்கள் 245. குடியரசுத் தலைவர் அமர்த்துவது 12. மீதி 233 இடங்களுக்கும் மாநில, ஒன்றியப் பகுதிச் சட்டமன்றங்களே ஆட்களைத் தேர்கின்றன. ஆறாண்டுப் பதவி, இரண்டாண்டுக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கினர் விலகுவர். அவை கலைவதே இல்லை. இதன் பொருள் என்ன? ஓர் அலை அடிக்கிறது. ஒரு கட்சி மக்களவையை வாரிக்கொண்டு போகிறது. ஆனால் மாநிலங்களவையை ஒரே இரவில் வாரிக்கொள்ள அதனால் முடியாது. நேற்றும் அதற்கு முன்னாளும் வெவ்வேறு மாநிலங்கள் அளித்த தீர்ப்பு அங்கே எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கிறது. ஒரே முகம், ஒரே முழக்கம் என்று நாடு முழுவதும் பேசப்படும் நாளில், ‘நாங்கள் வேறு மாதிரி வாக்களித்தோமே’ என்று நினைவூட்டும் கூட்டம் அது. அந்தக் கூட்டத்தின் சார்பில் முதலில் எழுந்து பேசுபவர்தான் மேலவை எதிர்க்கட்சித் தலைவர்.

அவரால் ஆட்சியைக் கவிழ்க்க முடியாது; அமைச்சரவை மக்களவைக்கே பொறுப்பு. பண மசோதாவைத் தடுக்க முடியாது. 14 நாட்களுக்குள் பரிந்துரையோடு திருப்பி அனுப்பலாம், அவ்வளவே. பிற மசோதாக்களைத் தோற்கடிக்கலாம். ஆனால் அரசு இரு அவைகளையும் கூட்டி உட்காரவைத்தால், எண்ணிக்கையில் பெரிய மக்களவை அமுக்கிவிடும். அரசியல் சட்டத் திருத்தத்துக்கு மட்டும் அந்தக் குறுக்கு வழி கிடையாது. அங்கே மேலவை ‘மாட்டேன்’ என்றால் மாட்டேன்தான். 1970-இன் மூன்றில் ஒரு வாக்குக்கும் 1978-இன் ஐந்து பிரிவுகளுக்கும் அத்தனை வலு வந்தது அதனால்தான்.

கூட்டுக் கூட்டம் என்ற உலக்கையை அரசுகள் மூன்றே முறை எடுத்திருக்கின்றன. 1961-இல் வரதட்சணைத் தடை மசோதாவுக்கு. 1978-இல் வங்கிப் பணியாளர் தேர்வாணையத்தை நீக்கும் மசோதாவுக்கு. மூன்றாம் முறை 2002-இல், பொடா என்ற கொடுஞ்சட்டத்துக்கு. அப்போது மேலவையின் எதிர்க்கட்சித் தலைவர் மன்மோகன் சிங். மென்மையாகப் பேசுபவர், மேடையில் மேசை தட்டத் தெரியாதவர். ஆனால் மார்ச் 21-இல் வாக்கெடுப்பு நடந்தபோது ஆதரவு 98, எதிர்ப்பு 113, மசோதா வீழ்ந்தது. ஐந்தே நாட்களில், மார்ச் 26-இல், கூட்டுக் கூட்டத்தில் 425-க்கு 296 என்று அதைத் தூக்கி நிறுத்தினார்கள். அந்த ஜூலையிலேயே வைகோ ஒரு மேடைப் பேச்சுக்காக அதே சட்டத்தின் கீழ்ச் சிறைக்குப் போனார். அவருடைய கட்சி அப்போது ஆளும் கூட்டணியில் இருந்தது! 2004-இல் அந்தச் சட்டம் ஒழிக்கப்பட்டது. அப்போது தலைமையமைச்சர், இரண்டாண்டுக்கு முன் மேலவையில் எதிர்வரிசையில் அமர்ந்து தோல்வி கண்ட அதே மன்மோகன் சிங்.

2016-இல் வேறொரு தந்திரம் வந்தது. ஆதார் மசோதாவைப் பண மசோதா என்று பெயரிட்டு அனுப்பினார்கள். மார்ச் 16-இல் மாநிலங்களவை திருத்தங்களோடு திருப்பியனுப்பியது. அன்றே மக்களவை அவை அத்தனையையும் தள்ளிவிட்டது. உச்ச நீதிமன்றம் 2018-இல் பெரும்பான்மைத் தீர்ப்பால் அதை ஏற்றுக்கொண்டாலும், நீதிபதி சந்திரசூட் தம் மாறுபட்ட தீர்ப்பில் அதை அரசியல் சட்டத்தின் மீது நடத்தப்பட்ட மோசடி என்றே எழுதினார். கதவைத் திறக்க முடியாதவர்கள் பெயர்ப்பலகையை மாற்றினார்கள். மேலவை எதிர்க்கட்சிக்கு வலுவே இல்லையென்றால், இத்தனை தந்திரம் எதற்கு?

2014-இலும் 2019-இலும் மக்களவையில் காங்கிரசுக்குக் கிடைத்த இடங்கள் முறையே 44, 52. பத்தில் ஒரு பங்கு வேண்டும் என்ற பழைய வழக்கத்தைக் காட்டி, அங்கே எதிர்க்கட்சித் தலைவர் பதவி மறுக்கப்பட்டது. 1977 சட்டத்தில் அந்தப் பத்தில் ஒரு பங்கு என்ற சொல்லே கிடையாது. 2024 ஜூன் வரை பத்தாண்டுகள் கீழவையில் அந்த நாற்காலி இல்லை. அந்தப் பத்தாண்டுகளில் நாடாளுமன்றம் முழுவதிலும் சட்டப்படி ‘எதிர்க்கட்சித் தலைவர்’ என்று அழைக்கப்பட்டவர் மேலவையில் இருந்தவர் மட்டுமே: 2021 பிப்ரவரி வரை குலாம் நபி ஆசாத், அதன்பின் மல்லிகார்சுன கார்கே.

அந்தக் காலத்தில் நடந்த ஒன்றை நாம் போற்றுகிறோம். அது சட்டமாகவில்லை; எதையும் மாற்றிவிடவுமில்லை. இருந்தும் போற்றுகிறோம். இராசத்தானத்திலும் அரியானாவிலும் ஊராட்சித் தேர்தலில் போட்டியிடப் பள்ளிப்படிப்புத் தகுதி வேண்டும் என்று சட்டம் செய்தார்கள். அரியானாவில் பொதுவாக ஆண்களுக்குப் பத்தாம் வகுப்பு. பெண்களுக்கும் தாழ்த்தப்பட்ட வகுப்பு ஆண்களுக்கும் எட்டாம் வகுப்பு. ஊராட்சி உறுப்பினராகும் தாழ்த்தப்பட்ட வகுப்புப் பெண்களுக்கு ஐந்தாம் வகுப்பு. 2015 டிசம்பரில் உச்ச நீதிமன்றமும் அரியானாச் சட்டத்தைச் செல்லும் என்றது. நாடாளுமன்ற உறுப்பினராக எந்தப் படிப்பும் வேண்டாம். நாட்டை ஆள எழுத்தறிவு வேண்டாம். ஊர்க் கிணற்றுக்குச் சுவர் கட்டப் பத்தாம் வகுப்பு வேண்டும்!

நம்மைப் பெற்ற தாய் கைநாட்டு வைத்தவர். அவருடைய ஊரில் பள்ளிக்கூடம் இருந்தது. அவர் பிறந்த தெருவுக்கு அது இல்லை. அவர்தாம் நூறு வீட்டுத் தெருவில் யார் வீட்டில் உலை வைக்கவில்லை என்று அறிந்தவர்; குழாயடிச் சண்டையை இரு பக்கமும் ஏற்கும்படி தீர்த்தவர்; பங்கீட்டுக் கடைக்காரர் எடையில் ஏய்த்தபோது முதலில் குரல் கொடுத்தவர். படிக்கவிடாமல் கதவைச் சாத்திய சமுதாயமே, பிறகு வந்து, ‘நீ படிக்காதவள், உனக்கு ஊராட்சியில் இடமில்லை’ என்று இன்னொரு கதவையும் சாத்துமானால், அதற்கு அறிவு என்று பெயரா? மனுநீதிக்குப் புதுச் சட்டை தைத்ததாகத்தான் நாம் கொள்வோம்.

2016 மார்ச் 9-இல், குடியரசுத் தலைவர் உரைக்கு நன்றி கூறும் தீர்மானம் மாநிலங்களவைக்கு வந்தது. எதிர்க்கட்சித் தலைவர் ஆசாத் ஒரு திருத்தம் கொடுத்தார்: ஊராட்சித் தேர்தலில் எல்லாக் குடிமக்களும் போட்டியிடும் உரிமைக்கு அந்த உரையில் உறுதி இல்லையே என்பது அதன் பொருள். வாக்கெடுப்பு நடந்தது. 94 பேர் ஆதரவு, 61 பேர் எதிர்ப்பு, அரசு தோற்றது. நன்றித் தீர்மானத்தின் திருத்தத்தால் எந்தச் சட்டமும் நீங்குவதில்லை என்பதை அறிவோம். ஆயினும் கைநாட்டு வைத்த கிழவியின் வழக்கு, அவளைக் கேளாமலே, நாட்டின் உயர்ந்த மண்டபத்தில் எடுத்துப் பேசப்பட்டு, வென்று, ஏட்டில் ஏறியது. 2019-இல் இராசத்தானத்தில் ஆட்சி மாறியபின் அங்கே அந்தத் தகுதி நீக்கப்பட்டது.

இன்னொரு வேலையும் அந்த நாற்காலிக்கு உண்டு, வெளியில் தெரியாதது. தேசிய மனித உரிமை ஆணையத்துக்குத் தலைவரைத் தேரும் குழுவில் தலைமையமைச்சரோடு மேலவை எதிர்க்கட்சித் தலைவரும் அமர்கிறார். 2021-இலும் 2024-இலும் கார்கே அக்குழுவின் முடிவுக்கு மாறுபட்டார். தேர்வு மாறவில்லை. எல்லாரும் ஒருமனதாகத் தேர்ந்தார்கள் என்று எவரும் எழுத முடியாமற் போயிற்று.

இனிக் குறைகளையும் சொல்லிவிடவேண்டும். நம்மவர் என்று மறைக்கும் பழக்கம் நமக்கு வேண்டாம். எதிர்க்கட்சிகளுக்கு வெளிநடப்பு என்றொரு பழக்கம் பிடித்திருக்கிறது. சினம் வந்தால் எழுந்து போய்விடுவது. வெளியே படமெடுப்பவர்கள் முன் நிற்பது. 2019 ஜூலை 30-இல் முத்தலாக் மசோதா மேலவையில் 99-க்கு 84 என்று நிறைவேறியது. சட்டம் நன்றா தீதா என்பது வேறு வழக்கு. ஆளும் அணிக்குப் பெரும்பான்மை இல்லாத அவையில், எதிர்ப்பதாகச் சொன்ன கட்சிகளிலும் பலர் இருக்கையில் இல்லை என்பதுதான் நாம் கேட்கும் வழக்கு. மூன்றில் ஒரு வாக்கால் மன்னர்கள் பிழைத்த வரலாறு படைத்த அவையில், ஒருவர் வீட்டிலிருந்தால் என்னவாகும் என்று தெரியாதா? அப்படி வராதவரை அழைத்து வந்து உட்காரவைப்பதும் தலைவரின் கடமைதான். முழங்குவதைவிடக் கடினமான கடமை அது.

அமர்ந்திருந்தும் பயனில்லாத நாளும் வந்தது. 2020 செப்டம்பர் 20-இல் வேளாண் மசோதாக்களுக்கு எண்ணி வாக்கெடுக்கவேண்டும் என்று எதிர்வரிசை கேட்டது. குரல் வாக்கெடுப்பிலேயே நிறைவேறியதாக அறிவிக்கப்பட்டது, அமளி எழுந்தது, மறுநாள் எட்டு உறுப்பினர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். ஓராண்டுக்கும் மேலாக உழவர்கள் டெல்லியின் எல்லைச் சாலைகளில் கிடந்தார்கள்; 2021 நவம்பரில் அந்தச் சட்டங்கள் திரும்பப் பெறப்பட்டன. 2023 டிசம்பரில் இரு அவைகளிலுமாக 146 பேர் இடைநீக்கம். 2024 டிசம்பரில், அவைத் தலைவராகிய குடியரசுத் துணைத் தலைவரையே நீக்கக் கோரி எதிர்க்கட்சிகள் அறிவிப்புக் கொடுத்தன. அந்த அவையின் வரலாற்றில் அதுவே முதல்முறை. துணைத்தலைவர் அதைத் தள்ளினார்.

தம்பி, நீங்கள் கேட்ட கேள்வியின் மறுபாதிக்கு நம் விடை இதுதான். நாற்காலி மன்னருக்கும் உழைத்தது, கைநாட்டுக்காரிக்கும் உழைத்தது. யாருக்கு உழைக்கும் என்பதை முடிவு செய்யும் இடம் டெல்லியில் இல்லை. தமிழ்நாட்டுக்கு மாநிலங்களவையில் 18 இடங்கள். இரண்டாண்டுக்கு ஒருமுறை ஆறு இடங்களுக்குத் தேர்தல். சட்டமன்றத்தில் 234 பேரும் வாக்களித்தால், 34 பேர் சேர்ந்து ஒருவரை அனுப்பிவிடலாம். அந்த 34 பேரும் நம் தெருவுக்கு வந்து கைகூப்பியவர்கள்தாம். சாலை கேட்கிறோம், குடிநீர் கேட்கிறோம், கேட்கவேண்டியவையே. அவற்றோடு இதையும் கேளுங்கள்: “ஐயா, நீங்கள் வென்றால் மாநிலங்களவைக்கு யாரை அனுப்புவீர்கள்? கல்வியை மாநிலத்துக்குத் திருப்பித் தரும் திருத்தம் மறுபடியும் அங்கே வாக்கெடுப்புக்கு வந்தால், அவர் இருக்கையில் இருப்பாரா?”